எலஸ்ஸைக் கழற்றப் பயமாக இருக்கிறது

கேள்வி:

போதகர் ஐயா, நான் பிறந்தது மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில். தாத்தா காலத்தில் கயத்தாறு பக்கமிருந்து மலையேறிய குடும்பம். ஏழு வருடத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தேன். கல்யாணமாகி இப்போது பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கிறோம்.

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் ஒரு காரியம் செய்தேன். அப்பா கும்பிட்டு வந்த கருப்பசாமி படத்தையும் அரிவாளையும், அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் எடுத்து ஆற்றில் போட்டுவிட்டேன். கேட்டதற்கு, "வீட்டில் பிசாசு இருக்கக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அப்பா திட்டவில்லை. அன்று ராத்திரி சாப்பிடாமல் திண்ணையிலேயே இருந்தார். மறு வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். சடங்கு எதிலும் நான் சேரவில்லை. அண்ணன் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

எனக்கு இரண்டு தடவை கரு நின்று மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. மாமியார் சபைக்குப் போகிறவர்தான், ஆனாலும் மனசு கேட்காமல் சோதிடம் பார்க்கும் ஒரு பணிக்கரிடம் கூட்டிப் போனார். அவர் பிரசினம் வைத்துப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பெண் கூடோத்திரம் (செய்வினை) செய்து வாசலில் புதைத்திருக்கிறாள் என்றார். எலஸ் (தாயத்து) ஜபித்துக் கொடுத்தார். கட்டியிருக்கிறேன். இதைக் கேள்விப்பட்ட கணவர் ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஊழியர், "உன் அப்பா வழியில் நாலு தலைமுறைச் சாபம் இருக்கிறது, மூன்று நாள் உபவாசம் இருந்து காணிக்கை வைத்துக் கட்டை உடைக்க வேண்டும்" என்கிறார்.

கூடோத்திரம் விசுவாசியைப் பிடிக்குமா? அப்பா மனசு நொந்ததுதான் சாபமாக வந்திருக்கிறதா? தேவன் தண்டிக்கிறாரா? எலஸ்ஸைக் கழற்றினால் அடுத்த குழந்தைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கட்டிக்கொண்டு திருவிருந்து எடுக்கவும் பயம். எட்டு மாதமாக எடுக்கவில்லை. பெயர் வேண்டாம் ஐயா.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில், நீங்கள் இழந்த இரண்டு பிள்ளைகளுக்காக உங்களோடு சேர்ந்து துக்கப்படுகிறேன். உங்கள் கடிதத்தில் அந்தத் துக்கம் ஒரே வரியில் வந்து போய்விடுகிறது. மீதியெல்லாம் யார் காரணம் என்ற விசாரணைதான். பணிக்கர் பக்கத்து வீட்டைக் காட்டினார், ஊழியர் உங்கள் அப்பாவைக் காட்டினார், நீங்கள் உங்களையே காட்டிக்கொள்கிறீர்கள். உட்கார்ந்து அழுவதற்கு யாரும் உங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. பிள்ளையை இழந்த தாய்க்கு முதலில் வேண்டியது அந்த இடம்தான். கணவரோடு சேர்ந்து அழுங்கள். அதற்குப் பெயர் அவிசுவாசம் இல்லை. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

அடுத்தது மருத்துவம். இதை நான் பின்னுக்குத் தள்ளினால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். கருத்தரித்தது உறுதியானவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குக் கரு தங்காமல் போகிறது. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள். அப்படிக் கலைகிறவற்றில் ஏறக்குறைய பாதிக்கு, கரு உருவாகும்போதே குரோமோசோம்களில் நேரும் பிசகு காரணம். தாய் பளு தூக்கியதாலோ, யாரோ கண் வைத்ததாலோ அது வருவதில்லை. ஆனால் இரண்டு முறை தொடர்ந்து கலைந்திருப்பதால் பார்த்தே ஆகவேண்டிய சோதனைகள் உண்டு: தைராய்டு, சர்க்கரை, கருப்பையின் அமைப்பு, ரத்தத்தை உறைய வைக்கும் சில எதிர்ப்பொருட்கள். கடைசியாகச் சொன்னது இருந்தால் மாத்திரையும் ஊசியும் கொடுத்து அடுத்த கருவைக் காப்பாற்றப் பெரும்பாலும் வழி இருக்கிறது. பணிக்கரிடமும் ஜெபவீட்டிலும் சோழி உருட்டவும் சாபம் சொல்லவும் ஆள் இருந்தது, இந்த ரத்தப் பரிசோதனையைச் சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போனாரே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. மாவட்ட ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், கணவரையும் கூட்டிக்கொண்டு.

தேவன் தண்டிக்கிறாரா என்று கேட்கிறீர்கள். நீங்கள் மூணாறுக்காரர், பெட்டிமுடியை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, விடாத மழையில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த லயங்களின் மேல் விழுந்தது. எழுபது பேர் போனார்கள். கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைக்கு முன் வந்த உங்களைப் போன்ற குடும்பங்கள்தான் அதில் பெரும்பாலும். அந்த எழுபது பேர் மற்ற எஸ்டேட்காரர்களைவிடப் பாவம் செய்தவர்களா? ஏறக்குறைய இதே கேள்வி இயேசுவுக்கு முன்னால் வந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார் (லூக்கா 13). பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவரைக் காட்டி, இவன் செய்த பாவமா இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும், இரண்டும் இல்லை என்றார் (யோவான் 9). துன்பத்தைப் பார்த்ததும் பின்னால் போய்ப் பாவத்தைத் தேடுகிற பழக்கத்தை அவர் இரண்டு இடத்திலும் அறுத்துவிட்டார். உங்கள் வயிற்றில் நடந்ததற்கும் அதே பதில்தான். இதை நான் தயங்கிச் சொல்லவில்லை.

இனி கூடோத்திரம்.

தீய ஆவிகள் இல்லவே இல்லை என்று வேதம் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் துரைத்தனங்களும் அதிகாரங்களும் சிலுவையில் ஆயுதம் பறிக்கப்பட்டு நிற்கின்றன என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினார். கிறிஸ்துவுக்குள் இருக்கிற ஒருவரை, வாசலில் புதைத்த ஒரு தகடோ முட்டையோ எடுத்துக்கொள்ள முடியாது. இதற்கு மேல் எதை நம்பினாலும் சிலுவையைச் சிறிதாக்குகிறோம்.

பணிக்கர் சொன்னதில் என்னை அதிகம் கலங்கடிப்பது வேறொன்று. கூடோத்திரம் என்று சொன்ன உடனே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. செய்தவர் யார் என்று காட்டாமல் அந்தத் தொழில் நடக்காது. காட்டப்படுகிறவர் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பார்: பக்கத்து வீடு, நாத்தனார், விதவை, சாதியில் கீழே வைக்கப்பட்டவர். பாலக்காட்டில் ஒடியன் கதைகளைக் கேட்டே வளர்ந்த பெரியவர்களைக் கேளுங்கள். இருட்டில் மாடாகவும் நாயாகவும் உருமாறுகிறவன் என்று யாரைச் சொன்னார்கள்? பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்த பறையர், பாணர் சமூகங்களைத்தான். சந்தேகத்தின் பாரம் யார் தோளில் விழுந்தது என்பதை அந்தக் கதையே சொல்லிவிடுகிறது.

பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. உங்கள் மாவட்டத்திலேயே, நென்மாறை பக்கம், 2019இல் ஒரு பெண் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர் பக்கத்து வீட்டுக்காரர். தன் மனைவி பிரிந்து போனதற்கு அக்கம்பக்கத்தார் செய்த மந்திரவாதமே காரணம் என்று அவர் நம்பியதாகச் செய்திகள் வந்தன. ஜாமீனில் வெளியே வந்து, 2025 ஜனவரியில் அந்தப் பெண்ணின் கணவரையும் மாமியாரையும் கொன்றார். இடுக்கியில் 2018இல் கம்பகக்கானத்தில், மந்திரவாதம் செய்துவந்த ஒருவர் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். அவருடைய சக்தியைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பிய கூட்டாளியே அதைச் செய்ததாகக் காவல்துறை சொன்னது. பத்தனம்திட்டை இலந்தூரில் 2022இல் வெளிப்பட்ட நரபலியில் செத்த இருவரில் ஒருவர், பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்த நம் தமிழ்ப் பெண். இப்படிப்பட்ட கொடுமைகளைத் தடுக்க மகாராஷ்டிரமும் கர்நாடகமும் சட்டம் செய்துவிட்டன. கேரளத்தில் வரைவு தயாராகியும் காரியம் முடியவில்லை.

நீங்கள் யாரையும் வெட்டப் போவதில்லை, தெரியும். ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? அவர் கொடுத்த பலகாரத்தைச் சாப்பிட்டீர்களா, கீழே கொட்டினீர்களா? ஒரு குற்றமும் அறியாத ஒருத்தி உங்கள் மனதில் கொலைகாரியாக நிற்கிறாள். பணிக்கர் வாங்கிய பணத்தைவிட இதுதான் பெரிய நஷ்டம். பிறனை நேசி என்ற கட்டளையைக் கைக்கொள்ளவே விடாத பயம் இது. நான் உங்களிடம் கேட்பது, இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போங்கள். எதையும் விளக்க வேண்டாம், மன்னிப்பு என்று ஆரம்பித்து அவரையும் குழப்ப வேண்டாம். ஒரு தேங்காய்ச்சில்லு கடன் கேளுங்கள் போதும். அவர் தருவதை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுங்கள்.

ஜெபவீட்டு ஊழியரைப் பற்றிச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். பணிக்கர் பக்கத்து வீட்டில் வைத்த சாபத்தை அவர் உங்கள் அப்பாவின் ரத்தத்தில் வைத்துவிட்டார். கூலிக்குக் காணிக்கை என்று பேர், தகட்டுக்கு எண்ணெய், சோழிக்குத் தரிசனம். மூன்று நாலு தலைமுறை என்று யாத்திராகமம் இருபதிலிருந்து எடுத்துக் காட்டுகிறவர்கள், அதற்கு அடுத்த வசனத்தில் இரக்கம் ஆயிரம் தலைமுறை வரை என்று இருப்பதை ஏன் வாசிப்பதில்லை? பாபிலோன் சிறையிருப்பில் ஜனங்கள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், முன்னோர் தின்ற புளிப்புக்கு நம் பல் கூசுகிறது என்று. அந்தப் பழமொழியை இனி எடுக்கவே கூடாது என்று எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரம் முழுவதும் தேவன் வழக்காடுகிறார். கத்தோலிக்கச் சகோதரர்களிடமும் இந்த வியாபாரம் நுழைந்திருக்கிறது. பரம்பரைக் கட்டை அறுக்கும் ஜெபங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாதவை என்று பிரான்ஸ் நாட்டு ஆயர்கள் 2007இலும் ஸ்பெயின் நாட்டு ஆயர்கள் 2024இலும் எச்சரித்து அறிக்கையே வெளியிட்டார்கள்.

எபேசுவில் ஸ்கேவா என்பவனின் ஏழு குமாரர்கள் இயேசுவின் நாமத்தை ஒரு மந்திரமாக எடுத்து ஓதிப் பார்த்தார்கள், காயப்பட்டு ஓடினார்கள். அப்போஸ்தலர் பத்தொன்பதாம் அதிகாரத்தை முழுவதுமாக வாசியுங்கள். பணிக்கரைவிட வல்லமையான மந்திரவாதியாக இயேசுவைப் பார்க்கச் சொல்லுகிற போதனை உங்களைப் பழைய பயத்திலேயே விட்டுவைக்கும், கட்டணம் வாங்குகிற ஆள் மட்டும் மாறியிருப்பார். பாதுகாப்பை விலைக்கு வாங்குகிற சந்தையிலிருந்தே உங்களை வெளியே அழைத்துப் போகத்தான் இயேசு வந்தார்.

நீங்கள் பிறந்த மலைநாட்டிலேயே அதற்குச் சாட்சி உண்டு. இடுக்கி, மேலுகாவு, முண்டக்கயம் பக்கத்து மலை அரையர்கள் முன்னோரின் ஆவிகளுக்குக் கல்லறைகள் எழுப்பி, உலோக உருவங்கள் வைத்து, பயத்தோடு படைத்து வந்தவர்கள். 1840களின் கடைசியில் அவர்களுடைய மூப்பர்கள் மலையிறங்கி ஹென்றி பேக்கர் என்ற சி.எம்.எஸ். மிஷனரியிடம் திரும்பத் திரும்ப வந்தார்கள். தகடோ தாயத்தோ கேட்கவில்லை, தங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடமும் ஆராதனையும் அங்கே சேர்ந்தே வளர்ந்தன. இன்று மேலுகாவைத் தலைமையிடமாகக் கொண்ட சி.எஸ்.ஐ. கிழக்குக் கேரளத் திருமண்டலம் அந்தச் சபைகளிலிருந்து வந்ததுதான்.

இப்போது உங்கள் அப்பா. இதுதான் உங்கள் கடிதத்தின் நடு. மற்றவையெல்லாம் இதைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்டவை என்று நினைக்கிறேன்.

உங்களுக்குள் இரண்டு குற்ற உணர்வு ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. கருப்பசாமியை விட்டு வந்ததால் குற்றம், அவர் கோபிக்கிறார் என்பது ஒன்று. அது பொய். கிறிஸ்துவிடம் வந்ததற்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. சடங்கில் சேராததும் அப்படியே. அதை இன்னும் பணிவாகச் செய்திருக்கலாம், தண்ணீர் எடுத்து வைத்திருக்கலாம், வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டிருக்கலாம், ஆனால் மனச்சாட்சிக்கு விரோதமாகச் செய்யாமல் நின்றது பாவமல்ல.

மற்றொன்று உண்மை. அப்பா இல்லாத நேரத்தில் அவருடையதை எடுத்து ஆற்றில் போட்டதும், வாழ்நாளெல்லாம் அவர் கையெடுத்துக் கும்பிட்டதைப் பிசாசு என்று முகத்துக்கு நேரே சொன்னதும் தவறு. இதை நான் மென்று விழுங்கினால் உங்களுக்கு ஆறுதல் கிடைக்காது, ஏனென்றால் உங்கள் மனது அதை ஏற்கெனவே அறிந்திருக்கிறது.

கிதியோன் தன் தகப்பனுடைய பாகாலின் பலிபீடத்தை இடித்தானே என்று அப்போது யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். கிதியோனுக்குத் தேவனே நேரடியாகக் கட்டளையிட்டார், அதுவும் கர்த்தரை மட்டுமே சேவிப்போம் என்று உடன்படிக்கை செய்த இஸ்ரவேலுக்குள். உங்கள் அப்பா அப்படி எந்த வாக்கும் கொடுத்தவரல்ல. அப்போஸ்தலர்களைப் பாருங்கள். எபேசுவில் மந்திரவாதம் செய்தவர்கள் மனந்திரும்பி, ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறும் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தார்கள். யாருடைய புத்தகங்களை? தங்கள் புத்தகங்களை. அதே ஊரில் சம்பிரதியானவன் எழுந்து, இவர்கள் கோயிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, நம் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்று பவுலின் தோழர்களைப் பற்றி எல்லார் முன்னாலும் சொல்ல முடிந்தது. அத்தேனேயில் பவுல் பலிபீடங்களைச் சுற்றிப் பார்த்தார், மனம் வைராக்கியம் கொண்டார், ஆனால் ஒரு கல்லையும் புரட்டவில்லை. ஒரு பலிபீடத்தின் எழுத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினார்.

நம் சபைகளுக்குப் "பிசாசு" என்ற இந்தக் கடுஞ்சொல் எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் ஊர்த்தெய்வ வழிபாட்டையெல்லாம் மிஷனரிகள் பேய் வழிபாடு என்றே எழுதினார்கள். அவர்களில் ஒருவரான கால்டுவெல் 1849இல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய புத்தகம், அந்த மக்களையே இழிவாகப் பேசியது. கிறிஸ்துவை உயிராய் நேசித்த, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சட்டாம்பிள்ளை போன்றவர்களே அதைத் தாங்காமல் 1857இல் பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார்கள். சுவிசேஷத்தோடு கூட நம் தாய்தகப்பனைக் கேவலமாகப் பார்க்கும் கண்ணும் நமக்கு வந்துவிட்டது. அதைக் கழற்றி வைப்பதும் மனந்திரும்புதலில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் அப்பா சபித்தாரா? சகோதரி, அவர் திட்டக்கூட இல்லையே. சாப்பிடாமல் இருந்தார். பிள்ளையிடம் கோபிக்கத் தெரியாத தகப்பனின் துக்கம் அது. அவரைச் சாபம் விட்டவராக மாற்றுவது அவருக்கு இரண்டாம் முறை செய்யும் அநியாயம். தேயிலைக் காட்டில் உழைத்து உங்களை வளர்த்தவர், செத்த பிறகு உங்கள் பிள்ளைகளைக் கொன்றார் என்று சொல்ல அந்த ஊழியருக்கு எப்படி வாய் வந்தது?

செய்த தவறைத் தேவனிடம் அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். "என் பாவங்களை மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லாமல், படத்தை எடுத்தேன், அரிவாளை எறிந்தேன், அப்பாவை அவமானப்படுத்தினேன் என்று சொல்லுங்கள். உங்கள் போதகர் அல்லது நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரி முன்னால் சொன்னால் இன்னும் நல்லது. மன்னிப்பு அப்போதே முழுவதுமாக உண்டு, தவணையில் இல்லை. அதற்குப் பிறகும் இருதயம் குற்றப்படுத்தினால், தேவன் நம் இருதயத்தைவிடப் பெரியவர் என்று யோவான் தன் நிருபத்தில் எழுதியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ராத்திரி தூக்கம் இல்லை, மூச்சு முட்டுகிறது, சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் அதை ஆவிக்குரிய போராட்டம் என்று மட்டும் எண்ணிச் சும்மா இருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கேரளத்தின் திசா எண் 1056.

எலஸ்ஸை நீங்களே கழற்றுங்கள். நாள் பார்க்க வேண்டாம், அதற்கென்று விசேஷ ஜெபம் வேண்டாம், எரிக்கவும் புதைக்கவும் வேண்டாம். அப்படிச் செய்தால் அதற்கு இல்லாத மரியாதையைக் கொடுத்தவராவீர்கள். கயிற்றை அறுத்துக் குப்பையில் போடுங்கள். கை நடுங்கினால் கணவர் அறுக்கட்டும். அடுத்த முறை கரு நின்றாலும், ஒருவேளை நிற்காமல் போனாலும், அதற்கும் இந்தக் கயிற்றுக்கும் சம்பந்தமில்லை. இதை இப்போதே மாமியாரிடமும் சொல்லி வையுங்கள். அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பேரப்பிள்ளை வேண்டும் என்ற ஆசையில் ஓடினவர் அவர்.

திருவிருந்து பற்றிக் கேட்டீர்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன் பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு ஐந்தில் வருகிறது. உங்கள் விஷயத்தில் அந்தச் சகோதரன் சொந்த அண்ணன்தான். அப்பாவிடம் கேட்க முடியாத மன்னிப்பை அவரிடம் கேளுங்கள். நேரில் போக முடிந்தால் நேரில், இல்லாவிட்டால் போனில். "நான் கிறிஸ்தவளாக இருப்பதில் மாற்றமில்லை அண்ணா, ஆனால் அப்பாவுக்கு நான் செய்தது தப்பு" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். அவர் போனை வைத்துவிடலாம், ஏசலாம், ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். அவர் மன்னிக்கும் வரை திருவிருந்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பது உங்கள் பங்கு, கொடுப்பது அவருடையது, அதற்கு அவருக்கு எத்தனை வருடம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். அண்ணனிடம் பேசிவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவரோடு போய் அப்பத்தையும் ரசத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.